ஹார்ன் அடிச்சது யாருக்குச் சாதகம்? ராஷ், நெக்லிஜென்ட்: ரெண்டும் ஒண்ணில்ல

எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை எடுத்துவிட்டு, வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு தங்கச்சி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. சிறுசேரியில வேலை பார்க்குறாங்க. சனிக்கிழமை ஆச்சுன்னா ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு கோவளம், மாமல்லபுரம்னு ஈசிஆர் பக்கம் கிளம்பிடுவாங்களாம். கேள்வி இதுதான்: "அண்ணா, ராஷ் டிரைவிங்னும் சொல்றாங்க, நெக்லிஜென்ட் டிரைவிங்னும் சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணுதானே? அப்புறம் ஏன் எப்பவும் ரெண்டையும் சேர்த்தே சொல்றாங்க?"

ஒண்ணில்ல. இதை நான் புத்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கல. இந்த வித்தியாசம் புரியாம ஒரு கேஸையே கெடுத்துட்டு, அதுக்கப்புறம் தெரிஞ்சுக்கிட்டேன். முதல்ல அந்தக் கதையைச் சொல்லிடறேன்.

2016. வர்தா புயலுக்கு ரெண்டு மாசம் முன்னாடி. மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, ஈசிஆர் ஓரமா ஒரு டீக்கடை. பைக்கை நிறுத்திட்டு டீ குடிச்சிட்டிருந்தேன். எதிர்ல ஒரு கவர்ன்மென்ட் பஸ் வந்து நிக்குது. கையில மஞ்சப்பையோட ஒரு பெரியவர் இறங்கி, பஸ்ஸுக்கு முன்னாடி வந்து ரோட்டைக் கடக்கப் பார்க்கிறார். பாதி ரோட்டுக்கு வந்துட்டார். அப்போ பின்னாடியிருந்து ஒரு வேன் பஸ்ஸை ஓவர்டேக் பண்ணிக்கிட்டு வருது. தூரத்துல வர்றப்பவே ரெண்டு தடவை ஹெட்லைட்டைப் போட்டு அணைச்சான். அப்புறம் நீளமா ஒரு ஹார்ன். பெரியவர் முன்னாடி போறதா பின்னாடி வர்றதான்னு தெரியாம அப்படியே நின்னுட்டார். வேன் பிரேக்கே போடல. அடிச்சுத் தூக்கிருச்சு.

பெரியவர் பிழைச்சுக்கிட்டார். வலது கால் எலும்பு ரெண்டு இடத்துல முறிஞ்சுது. ஆட்டோல ஏத்தி அனுப்பிட்டு, நேர்ல பார்த்தவன்ங்கிற முறையில நானே ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்தேன். எந்த ஸ்டேஷன்னு சொல்லப் போறதில்ல. அங்க இருந்த ஏட்டு நல்ல மனுஷர்தான். "தம்பி, நான் சொல்றேன், அப்படியே எழுதுங்க"ன்னார். எழுதினேன்: "மேற்படி வாகனத்தை அதன் ஓட்டுநர் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும், ஹாரன் அடிக்காமலும் ஓட்டி வந்து..."

அங்க நிறுத்தினேன். "சார், ஹார்ன் அடிச்சான் சார்"ன்னேன். "ஹார்ன் அடிச்சான்னு எழுதினா அவனுக்குச் சாதகமாப் போயிடும் தம்பி. எழுதுங்க"ன்னார். சரி, இதுல என்ன ஆயிடப் போகுதுன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

மூணு வருஷம் கழிச்சு சம்மன் வந்துச்சு. சாட்சிக் கூண்டுல ஏறினேன். சத்தியம் பண்ணியாச்சு, பார்த்ததைத்தான் சொல்லணும்னு, லைட் அடிச்சதையும் ஹார்ன் அடிச்சதையும் சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் என் புகாரைக் கையில எடுத்தார். "இது உங்க கையெழுத்துதானே? இதுல ஹாரன் அடிக்காமல்னு இருக்கே. அப்போ எது பொய், இதுவா அதுவா?" அடுத்த கேள்வி: "அதிவேகம்னு எழுதியிருக்கீங்க. எத்தனை கிலோமீட்டர் வேகம்?" தெரியலன்னேன். "ஸ்பீடோமீட்டரைப் பார்த்தீங்களா?" இல்லன்னேன். அவ்வளவுதான். கேஸ் விடுதலையில முடிஞ்சுது.

இப்போ கேள்விக்கு வரேன்.

'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்'. தினமும் பேப்பர்ல படிக்கிறோம். எஃப்ஐஆர்ல இது ஒரு ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி. 'ராஷ் ஆர் நெக்லிஜென்ட்'ங்கிற ஆங்கிலத் தொடருக்குத் தமிழ்ல புழக்கத்துக்கு வந்த வடிவம் இது. ஆனா கவனிங்க, சட்டத்துல இருக்கிறது 'ஆர்', அதாவது 'அல்லது'. தமிழ்ல வர்றப்போ அது 'உம்' ஆயிடுச்சு. ராஷ் 'அல்லது' நெக்லிஜென்ட்னு சட்டம் பிரிச்சு வச்சதை, ரெண்டும் எப்பவுமே சேர்ந்து வரும்ங்கிற மாதிரி நாம ஒட்டிட்டோம்.

சாவுக்கான பிரிவுல இந்த 'அல்லது' எப்போ வந்துச்சுன்னா, 1870-ல. 1860-ல இந்திய தண்டனைச் சட்டம் நிறைவேறினப்போ, கொல்லணும்ங்கிற எண்ணமே இல்லாம, ராஷாவோ நெக்லிஜென்ட்டாவோ நடந்து ஒருத்தர் இன்னொருத்தர் சாவுக்குக் காரணமாகிறதுக்குன்னு தனிப் பிரிவு கிடையாது. பத்து வருஷம் கழிச்சுத்தான் 304ஏ-ன்னு ஒண்ணைச் சேர்த்தாங்க. அதிகபட்சம் ரெண்டு வருஷம் சிறை. 2024 ஜூலை 1-லேர்ந்து பாரதிய நியாய சன்ஹிதா வந்ததும் அதே விஷயம் 106(1) ஆச்சு, அதிகபட்சம் அஞ்சு வருஷம்னு ஏறிடுச்சு. ஆனா 'ராஷ் ஆர் நெக்லிஜென்ட்'ங்கிற வார்த்தைகள் மட்டும் 150 வருஷம் தாண்டியும் அப்படியே இருக்கு.

புதுப் பிரிவு வந்த ரெண்டாவது வருஷமே, அதாவது 1872-ல, இந்த ரெண்டு வார்த்தைக்கும் என்ன வித்தியாசம்னு நம்ம சென்னை ஐகோர்ட்தான் உட்கார்ந்து பிரிச்சுச் சொல்லுச்சு. நிடமர்த்தி நாகபூஷணம் வழக்கு, நீதிபதி ஹாலோவே. மாமல்லபுரத்துக்கு ஆளுங்க பக்கிங்ஹாம் கால்வாய்ல படகுல போய்ட்டிருந்த காலம் அது. மோட்டார் வண்டின்னா என்னன்னே தெரியாது. ஆனாலும் அவர் போட்ட கோட்டை இன்னிக்கும் விபத்து வழக்குகள்ல எடுத்துக் காட்டுறாங்க.

அவர் சொன்னதை நம்ம பாஷைல சொன்னா இப்படி வரும். ராஷ்ங்கிறவனுக்கு ஆபத்து தெரியும். இப்படிச் செஞ்சா கெட்டது நடக்கலாம்னு அவன் மனசுக்குள்ள ஓடுது. ஆனா நடக்காதுன்னு நம்புறான். பல நேரம் 'நான்தான் ஜாக்கிரதையா இருக்கேனே'ன்னும் நினைச்சுக்கிறான். தெரிஞ்சும் செஞ்சான் பாருங்க, அதுதான் அவன் மேல வர்ற பழி. நெக்லிஜென்ட் ஆளுக்கு ஆபத்து மனசுக்கே வரல. ஆனா அந்த இடத்துல, அந்த வேலையைச் செய்யற ஒருத்தர் எவ்வளவு கவனமா இருக்கணுமோ அவ்வளவு இருந்திருந்தா வந்திருக்கும். அவன் மேல வர்ற பழி, தெரிஞ்சுக்காம விட்டதுக்கு.

இதைப் படிச்சதும் எனக்கு ஞாபகம் வந்தது அந்த ஹார்ன்தான். ஏன்னா ஹார்ன் அடிச்சான்னா அந்தப் பெரியவரைப் பார்த்துட்டான்னு அர்த்தம். பார்த்தான், ஆபத்துன்னு புரிஞ்சுக்கிட்டான், 'ஒதுங்கிடுவார்'னு நம்பினான், பிரேக்ல கால் வைக்கல. ஹாலோவே சொன்ன ராஷ் இதைவிட அச்சா எங்க கிடைக்கும்? நம்ம ரோட்டுல ஹெட்லைட்டைப் போட்டு அணைச்சா 'நான் நிறுத்தப் போறதில்ல, நீ ஒதுங்கு'ன்னு அர்த்தம். இங்கிலாந்துல பல டிரைவர்கள் அதையே 'நீ முதல்ல போ'ங்கிறதுக்குச் செய்வாங்க. நம்ம ஊர்ல லைட்டும் ஹார்னும் பல சமயம் டிரைவரே கொடுக்கிற வாக்குமூலம். அந்த வாக்குமூலத்தைத்தான் நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து புகார்லேர்ந்து அழிச்சோம். அழிச்சது மட்டுமில்ல, தலைகீழா எழுதினோம். ஹார்ன் அடிக்காதவன் பார்க்காதவனா இருக்கலாம். அப்போ அது நெக்லிஜென்ட். நான் பார்த்த விபத்து ஒண்ணு, எழுதிக் கொடுத்த விபத்து வேற.

சரி, நெக்லிஜென்ட்டுக்கு ஓர் உதாரணம். ராத்திரி பதினோரு மணி, ஈசிஆர்ல ஒரு லாரி பஞ்சராகி நிக்குது. டிரைவர் இண்டிகேட்டர் போடல. பின்னாடி ஒரு முக்கோண போர்டு இல்ல, கல்லு கிளைன்னுகூட எதுவும் வைக்கல. ஸ்டெப்னி மாத்துற மும்முரத்துல இருக்கார். பின்னாடி வந்த பைக் மோதுது. லாரியோட வேகம் எவ்வளவு? பூஜ்யம். நிக்கிற லாரிமேல 'அதிவேகமாகவும்'னு எப்படி எழுதுவீங்க? ஆனா பழி இருக்கு. இருட்டுல ரோட்டை அடைச்சுக்கிட்டு நிறுத்தினா பின்னாடி வர்றவனுக்குத் தெரியாதுன்னு அவருக்குத் தோணியிருக்கணும். தோணல. இது சுத்தமான நெக்லிஜென்ஸ்.

காரை ஓரமா நிறுத்திட்டு, கண்ணாடியில பின்னாடி பார்க்காம படக்குன்னு கதவைத் திறக்கிறோமே, அதுவும் இதே வகைதான். நானே செஞ்சிருக்கேன். பின்னாடி வந்த தம்பி எப்படியோ வளைச்சு ஓட்டிட்டுப் போயிட்டான். போறப்போ அவன் திட்டின திட்டை இங்க எடிட் பண்ணித்தான் போடணும்.

இப்போ 'அதிவேகம்'. 1998-ல சுப்ரீம் கோர்ட்டுக்கு கர்நாடகாலேர்ந்து ஒரு வழக்கு வந்துச்சு. லாரி கவிழ்ந்து பலர் இறந்துட்டாங்க. சாட்சிகள் சொன்னதெல்லாம் 'ஹை ஸ்பீடுல வந்துச்சு' மட்டும்தான். கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, ஹை ஸ்பீடுங்கிறது ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மாறுற வார்த்தை. அதை வச்சு மட்டும் ராஷ்னோ நெக்லிஜென்ட்னோ முடிவு பண்ண முடியாது. டிரைவர் விடுதலை ஆனது ஆனதுதான். நியாயம்தானே. உத்தண்டி டோல் தாண்டி காலியா கிடக்கிற ரோட்டுல 60 ஒரு வேகமே இல்ல. அதே 60-ஐ ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அர்ஜுனன் தபசுக்கு முன்னாடி, ஐஸ்கிரீம் வண்டியும் குழந்தைகளும் நடுவுல ஓட்டினா அது பயங்கரம்.

ஒரு சின்ன வேடிக்கை. ராஷ்ங்கிற ஆங்கில வார்த்தை பிறந்தப்போ அதுல 'வேகம்'ங்கிற அர்த்தம்தான் இருந்துச்சு. அதோட சொந்தக்கார வார்த்தை ஜெர்மன்ல இன்னும் இருக்கு, கிட்டத்தட்ட அதே உச்சரிப்பு, அர்த்தம் 'விரைவான'. 'அதிவேகமாகவும்'னு முதல்ல மொழிபெயர்த்த ஆளு தெரிஞ்சு செஞ்சாரோ தெரியாம செஞ்சாரோ, வார்த்தையோட பாட்டன் வீட்டுக்கே போயிட்டார். சட்டத்துக்கு வேண்டியது பேரனோட அர்த்தம். 'அஜாக்கிரதை' அப்படியில்ல, பிரமாதமான மொழிபெயர்ப்பு. ஜாக்கிரதைன்னா விழிப்பு. அஜாக்கிரதைன்னா விழிப்பில்லாம இருக்கிறது. நெக்லிஜென்ட்டுக்கு இதைவிட நல்ல சொல் கிடைக்காது. ராஷுக்கு என்னைக் கேட்டா 'அசட்டுத் துணிச்சல்'னு சொல்வேன். "ஒண்ணும் ஆகாதுடா மச்சான்"ங்கிறதுதான் அதோட முழு வடிவம்.

எல்லா ரிஸ்க்கும் ராஷ் ஆயிடாது, அதையும் சொல்லிடணும். வெண்ணெய் உருண்டைக்கல்லுக்கு அடியில சாய்ஞ்சு உட்கார்ந்து போட்டோ எடுக்கிறோம். உருண்டா என்ன ஆகும்னு ஒரு செகண்ட் எல்லாருக்கும் தோணும். ஆனா தலைமுறை தலைமுறையா அது அப்படியே நிக்குது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இருக்கு. ஓவர்டேக் எடுக்கிறவன் நம்பிக்கைக்கு என்ன ஆதாரம்? போன தடவை தப்பிச்சதுதான்.

இங்க ஒரு நியாயமான கேள்வி வரும். ரெண்டுக்கும் ஒரே பிரிவு, ஒரே தண்டனை. அப்புறம் எதுக்கு இந்த ஆராய்ச்சி?

ஒண்ணு, சாட்சியம். செங்கல்பட்டுல பிராக்டிஸ் பண்ற ஒரு வக்கீல் நண்பர்கிட்ட என் கதையைச் சொன்னேன். அவர் சொன்னது: "நீ ஸ்பீடு சொல்லியிருக்கவே வேணாம்டா. பார்த்ததைச் சொல்லியிருந்தா போதும்." ராஷ்னு காட்டணும்னா, அவனுக்குத் தெரிஞ்சிருந்ததுன்னு காட்டணும்: லைட் அடிச்சான், ஹார்ன் அடிச்சான், பக்கத்துல இருந்தவன் மெதுவாப் போடான்னு கத்தினான், எதிர்ப்பக்கம் வண்டி வர்றது தெரிஞ்சும் கோட்டைத் தாண்டினான். நெக்லிஜென்ட்னு காட்டணும்னா, பார்த்திருக்க முடியும்னு காட்டணும்: ரோடு நேரா இருந்துச்சு, வெளிச்சம் இருந்துச்சு, ஆள் நடுரோட்டுல நின்னு இத்தனை நேரம் ஆச்சு, அவன் குனிஞ்சு போனைப் பார்த்துட்டிருந்தான். முதல் வகைக்கு 'பார்த்தானா?'ன்னு கேட்கணும். ரெண்டாவதுக்கு 'பார்த்திருக்கணுமா?'ன்னு கேட்கணும். 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்'ங்கிறது இந்த ரெண்டுக்குமே பதில் சொல்லல.

இன்னொண்ணு, இதைவிடப் பெரிசு. ராஷுக்கு மேல இன்னொரு படி இருக்கு. நடக்கலாம்னு தெரிஞ்சது ராஷ். 'இதைச் செஞ்சா ஆள் சாக வாய்ப்பு அதிகம்'னே தெரிஞ்சு செஞ்சா, அது விபத்துப் பிரிவைத் தாண்டி மரணம் விளைவிக்கும் குற்றமாயிடும். பழைய சட்டத்துல 304-ன் ரெண்டாம் பகுதி, இப்போ 105. அதிகபட்சம் பத்து வருஷம். 2006 நவம்பர்ல மும்பை பாந்த்ரா கார்ட்டர் ரோட்டுல, நடைபாதையில தூங்கிட்டிருந்த தொழிலாளிங்க மேல ஒரு கார் ஏறி ஏழு பேர் இறந்துட்டாங்க. விசாரணை கோர்ட் 304ஏ-ன்னு சொல்லி ஆறு மாசம் கொடுத்துச்சு. ஐகோர்ட் அதை 304 ரெண்டாம் பகுதின்னு மாத்தி மூணு வருஷம் ஆக்குச்சு. 2012-ல சுப்ரீம் கோர்ட் அதை உறுதி பண்ணிடுச்சு. குடிச்சிருந்தது, வேகம், அங்க ஆளுங்க படுத்திருப்பாங்கன்னு தெரிஞ்சிருந்தது, எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் அந்த முடிவு. செத்தவங்க அதே ஏழு பேர்தான். டிரைவர் மனசுல என்ன ஓடிட்டிருந்ததுங்கிற கேள்விக்கு வந்த பதில்ல ஆறு மாசம் மூணு வருஷம் ஆச்சு.

நம்ம பக்கத்துக்கு வருவோம். 2024 நவம்பர் 27. மாமல்லபுரம் பக்கம் பண்டிதமேடு. மாடு மேய்க்கப் போன அஞ்சு பெண்கள் ரோட்டோரமா உட்கார்ந்திருக்காங்க. ஒரு கார் அவங்க மேல ஏறிருச்சு. அஞ்சு பேரும் இறந்துட்டாங்க. அந்தச் செய்தி வந்த அன்னிக்கு என் வாட்ஸ்அப் குரூப்புகள்ல எல்லாம் 'அதிவேகமாக வந்த கார்'னுதான் ஓடுச்சு. யார்மேல என்ன குற்றம்னு சொல்ல வேண்டியது கோர்ட்டோட வேலை, நான் சொல்ல மாட்டேன். ஆனா இந்த மாதிரி ஒரு வழக்குல கேட்கப்பட வேண்டிய கேள்விகள் வேகத்தைப் பத்தி மட்டும் இருந்தா போதாது. ஓட்டினவர் உட்காருறதுக்கு முன்னாடி எந்த நிலைமைல இருந்தார், அது அவருக்கே தெரியுமா, அந்த ரோட்டு ஓரத்துல பகல்ல ஆளும் மாடும் இருக்கும்ங்கிறது அந்தப் பக்கம் போறவங்களுக்குத் தெரியாத விஷயமா, பார்த்தாரா, பார்க்கலைன்னா ஏன் பார்க்கல. அஞ்சு குடும்பத்துக்கு இந்தக் கேள்விகளுக்குப் பதில் வேணும். ரப்பர் ஸ்டாம்ப் வேணாம்.

தூக்கத்தைப் பத்திக் கட்டாயம் சொல்லணும், ஏன்னா நம்ம ஆளுங்க பாண்டிக்குப் போயிட்டு விடிகாலை மூணு மணிக்குக் கிளம்பி வர்றவங்க. கல்பாக்கம் தாண்டுறப்போ கண்ணு சொருகி, வண்டி போய் இடிக்குது. தூங்குறவனுக்கு எதுவும் தெரியாதே, அப்போ நெக்லிஜென்ட்தானேன்னு தோணும். ஆனா தூங்கின அந்த ரெண்டு செகண்டைப் பார்க்கக் கூடாது. அதுக்கு அரைமணி நேரம் முன்னாடி, கூவத்தூர் பக்கம், தலை ஒரு தடவை ஆடியிருக்கும். ஜன்னலை இறக்கி விட்டிருப்பீங்க. பாட்டைச் சத்தமா வச்சிருப்பீங்க. பக்கத்துல இருக்கிறவன் டீ குடிச்சிட்டுப் போலாமான்னு கேட்டிருப்பான், இன்னும் கொஞ்ச தூரம்தான்டான்னு சொல்லியிருப்பீங்க. அங்கேயே தெரிஞ்சாச்சு. இறக்கி விட்ட ஜன்னல் என் கதையில வந்த ஹார்ன் மாதிரி.

அந்தப் புகார்ல கையெழுத்துப் போட்டேனே, அது எந்த வகைன்னு ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். படிக்காம போட்டிருந்தா அஜாக்கிரதைன்னு சொல்லிக்கலாம். நான் படிச்சேன். தப்புன்னு தெரிஞ்சு ஏட்டுகிட்ட வாய்விட்டே சொன்னேன். அப்புறம் ஒண்ணும் ஆகாதுன்னு போட்டேன்.

பெரியவருக்கு நஷ்டஈடு கிடைச்சுது. அது வேற கோர்ட், வேற கணக்கு. கிரிமினல் கேஸ்ல சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும். மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துல எது நடந்திருக்க அதிக வாய்ப்புங்கிற அளவுக்குக் காட்டினா போதும். அதனால டிரைவர் விடுதலை ஆனாலும் நஷ்டஈடு வரலாம். 'கேஸ் போச்சு, இனி எதுவும் வராது'ன்னு நினைச்சு விட்டுடறவங்க நிறைய பேர். விட வேணாம்.

அந்தத் தங்கச்சி வாய்ஸ் நோட்டோட கடைசில ஒரு விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொல்லியிருந்தாங்க. திருவிடந்தை தாண்டி ஸ்கூட்டர் ஓட்டிக்கிட்டே மேப் பார்த்தாங்களாம். ஒரு நாய் குறுக்க வந்து, விழுந்து, முட்டி பேந்திருக்கு. அது ராஷா, நெக்லிஜென்ட்டான்னு கேட்டிருந்தாங்க. நான் திருப்பி ஒரே ஒரு கேள்வி அனுப்பினேன்: "போனை எடுக்கிறதுக்கு முன்னாடி, ரோடு காலியா இருக்கான்னு ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துக்கிட்டீங்களா?" பார்த்தேன்ணான்னு பதில் வந்திருக்கு.

அப்போ அது ராஷ், தங்கச்சி. முட்டிக்கு மருந்து போட்டுக்கோங்க. தீர்ப்பாயத்துல நஷ்டஈட்டை எப்படிக் கணக்குப் போடுறாங்கன்னு அடுத்த எபிசோடுல பேசலாம்.